கத்தியைக் காதில் வைத்தவர்

கத்தி நல்லதா கெட்டதா என்று பார்க்க நீங்கள் என்ன செய்வீர்கள்? எதையாவது வெட்டிப் பார்ப்பீர்கள். பால் குடி மறந்த பிள்ளைகூட அதைத்தான் செய்யும். என் அத்தான் அப்படிச் செய்ய மாட்டார். கத்தியைக் காதில் வைத்துக் கேட்பார்.

கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நாங்கள் இருவரும் ஒரே மடக்குக் கத்திக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறோம். தகரக் கூரை, முப்பது ஆட்கள், பகல் முழுக்க இரும்புப் பொடி வாசனை. நான் சாணையில் நின்று கூர் பிடிக்கிறவன். அவர் கோடியில் தனி மேசை போட்டு, அதன் மேல் பச்சைத் துணி விரித்து உட்கார்ந்து தரம் பார்க்கிறவர். அவர் 'சரி' என்று தலையை ஆட்டாமல் ஒரு கத்தியும் பெட்டிக்குள் போகாது.

தரம் பார்ப்பது இப்படி நடக்கும். கத்தியை எடுப்பார். கண்ணை மூடிக்கொள்வார். இடது காதுக்குப் பக்கத்தில் வைத்துத் திறப்பார். டக். மூடுவார். டக். வலது காது எதற்கு இருக்கிறது என்று யாரோ கேட்டதற்கு, அது வீட்டு விஷயங்களுக்கு என்றாராம். சத்தம் கணீரென்று வந்தால் முதல் தரம். கொஞ்சம் மந்தமாக வந்தால் உதட்டைப் பிதுக்கி இரண்டாம் தரம். சத்தமே சரியில்லை என்றால், "ஊமை" என்று சொல்லிக் காலடியில் இருக்கும் வாளிக்குள் போடுவார். ஒரு நாளைக்கு முந்நூறு கத்தி. ஆறு வருடத்தில் அவர் ஒரு கத்தியால் ஒரு நூலை அறுத்து நான் பார்த்ததில்லை. டீக்கடையிலிருந்து வரும் பொட்டலத்தின் நூலைக்கூடப் பல்லால்தான் கடிப்பார்.

கம்பெனியில் அவருக்கு 'டக்கு சார்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் அவர் காதுக்கு எட்டாமல் இருக்குமா? எட்டியது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். அப்படிப்பட்ட மனிதரை என்ன செய்ய முடியும்?

இந்த ஞானம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு அவர் பேருந்தில் ஏறிச் சீப்பு, நகவெட்டி, மடக்குக் கத்தி விற்றுக்கொண்டிருந்தவர். ஒரு நிறுத்தத்தில் ஏறி அடுத்த நிறுத்தத்துக்குள் விற்றுவிட்டு இறங்க வேண்டும். ஓடும் பேருந்தில் யாரிடம் எதை வெட்டிக் காட்டுவது? முன் சீட்டுக்காரரின் சட்டைக் காலரையா? அதனால் அவர் கண்டுபிடித்த வழி சத்தம். "சார், காதை மட்டும் கொடுங்க, காசு அப்புறம் கொடுங்க," என்று குனிந்து, பயணியின் காதோரம் டக், டக். "கேட்டீங்களா? உள்நாட்டுச் சரக்கு, வெளிநாட்டுச் சத்தம்." வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிழைத்தார். அதுவரை அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு நாள் எங்கள் முதலாளியின் கார் கெட்டுப்போய் அவர் பேருந்தில் ஏறியிருக்கிறார். அத்தான் அவர் காதிலும் டக் வைத்திருக்கிறார். முதலாளி அசந்துபோய் இரண்டு கத்தி வாங்கிவிட்டார். வீட்டுக்குப் போய்ப் பிடியைத் திருப்பிப் பார்த்தால் அவருடைய கம்பெனி முத்திரை. தன் கம்பெனிக் கத்தியைத் தானே காசு கொடுத்து வாங்கின முதலாளி உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டுக் கத்தியை ஒளித்து வைத்திருப்பார்கள். இவர் அந்த ஆளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து தரம் பார்க்கும் நாற்காலியில் உட்கார வைத்தார். விற்கத் தெரிந்தவனுக்குச் செய்யவும் தெரியும் என்பது அவர் கணக்கு. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. 'உள்நாட்டுச் சரக்கு, வெளிநாட்டுச் சத்தம்' என்று அட்டைப்பெட்டியிலும் அச்சடித்தார்கள்.

பிறகு கம்பெனி முழுக்க அந்த ஒரு காதுக்காக வேலை செய்ய ஆரம்பித்தது. மடக்குக் கத்தியின் முதுகில் ஒரு ஸ்பிரிங் பட்டை இருக்கும். அலகைத் திறந்தாலும் மூடினாலும் அதுதான் இழுத்துப் பிடிக்கும். பட்டையை முறுக்கினால் சத்தம் பெரிதாகும். முறுக்கினார்கள். நகத்தால் நெம்பித் திறக்க முடியாமல் நகம் பிய்ந்தது. அது வாங்குகிறவன் பாடு. அது போதாதென்று இன்னொன்றும் செய்தார்கள். அலகின் அடியில் ஒரு சின்ன முட்டு உண்டு. மூடும்போது அந்த முட்டுதான் முதலில் பட்டையில் போய் உட்காரும். கூர் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும். பட்டை பொருத்துகிற ஆள் அந்த முட்டை அரத்தால் ராவி எடுத்துவிட்டால் அலகு இன்னும் ஆழமாக விழும், சத்தம் இன்னும் கணீரென்று வரும் என்று கண்டுகொண்டார். ராவினார். டக்கு சார் கண்ணை மூடிக்கொண்டு சொக்கிப்போனார். அவர் கேட்டுச் சொக்கின சத்தம் எது தெரியுமா? நான் பிடித்துக் கொடுத்த கூர், உள்ளே இருக்கிற இரும்பில் போய் இடிக்கிற சத்தம்.

ஒவ்வொரு கத்தியிலும் ஒரே இடத்தில், நுனிக்கு ஒரு விரற்கடை முன்னால், பல் விழுந்துவிடும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. நகத்தை வைத்து இழுத்தால் மாட்டும். திரும்பி வருகிற கத்திகளை நான்தானே மறுபடி தீட்டுகிறேன், எனக்குத் தெரியாதா? ஆனால் திரும்பி வருவது குறைவு. ஏனென்றால் எங்கள் கத்தியை வாங்குபவர்களில் பாதிப் பேருக்கு வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. வாசலில் உட்கார்ந்து திறந்து மூடி, திறந்து மூடி, பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சத்தம் காட்டுவதற்கு வாங்குகிறவர்கள். வருடத்துக்கு ஒரு கவரைக் கிழிப்பார்கள். அதற்கு விரல் போதும்.

ஒரு முறை அத்தானிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அத்தான், மூடும்போது கூர் உள்ள பட்டையில இடிக்குது. எல்லாக் கத்தியிலயும் ஒரே எடத்துல பல் விழுது."

"மாப்ளே, நீ சாணையைப் பாரு. சத்தத்தை நான் பாத்துக்கறேன்."

"சத்தத்தைச் சொல்லலை அத்தான், கூரைச் சொல்றேன்."

"சத்தம் சரியா இருந்தா கூர் தானா சரியா இருக்கும். கோயில் மணி மாதிரி கேக்குது, இதுல போய்க் குத்தம் கண்டுபிடிக்கிறே. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம். உன் சாணையில ஏதாவது பிசகு இருக்கும், பாரு."

அதோடு விட்டேன். இரண்டு வருடம் வேலையில்லாமல் அக்கா வீட்டு மாடியறையில் கிடந்தவனை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவர் அவர். சோறு போட்ட கையைக் கடிப்பானேன்? நமக்கேன் வம்பு? போதாததற்கு, உள்ளது உள்ளபடி சொன்னால், அவரைப் பார்த்துச் சிரிப்பது எனக்குச் சுகமாகவே இருந்தது. டீக்கடையில் நான் கண்ணை மூடி, டீ கிளாஸைக் காதில் வைத்து, உதட்டைப் பிதுக்கி "ரெண்டாம் தரம்" என்று சொன்னால் பட்டை பொருத்துகிற ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். ஆறு வருடமாக அந்த ஒரே வேடிக்கைக்கு எனக்கு யாராவது டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இனி அக்கா. அவள் நாற்றுப் பண்ணையில் பதினொரு வருடமாக ஒட்டுக் கட்டுகிறாள். ஒரு கன்றின் தண்டைச் சாய்வாகச் சீவ வேண்டும். நல்ல மரத்திலிருந்து வெட்டி வந்த குச்சியையும் அதே சாய்வில் சீவ வேண்டும். இரண்டு வெட்டுவாயும் இடைவெளியில்லாமல் ஒட்டும்படி சேர்த்து வைத்து நாடாவைச் சுற்ற வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஒரே இழுப்பில் சீவ வேண்டும் என்பதுதான் அதில் விஷயம். கத்தி நடுவில் சிக்கினால் வெட்டுவாய் அலையலையாகிவிடும், உள்ளே காற்று நிற்கும், மூன்று வாரத்தில் குச்சி காய்ந்துவிடும். ஒட்டியிருந்தால் துளிர் விடும். பண்ணையில் நூறு நூறாக எண்ணுவார்கள். நூற்றுக்கு எழுபது துளிர்க்க வேண்டும். தொடர்ந்து மூன்று நூறு எழுபதுக்குக் கீழே போனால் மேசையிலிருந்து எடுத்து, பின்னால் மண் பை நிரப்புகிற கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்கள் யாரும் மேசைக்குத் திரும்பி வந்ததில்லை. அக்காவுக்கு எப்போதும் எண்பத்தைந்துக்கு மேல்தான். அவள் கட்டின மேசையைப் பார்த்தாலே தெரியும், முடிச்செல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவளிடம் ஒரு பழைய கத்தி இருந்தது. இரும்புச் சாமான் கடையில் தட்டில் குவித்து விற்கிற மரப்பிடிக் கத்தி. எங்கள் கம்பெனிக்குப் பின் சந்தில் நாலு பேர் உட்கார்ந்து செய்வது. அதில் ஸ்பிரிங்கே கிடையாது. இறுக்கமான ஒரு ஆணிதான் அலகைப் பிடித்துக்கொண்டிருக்கும். திறந்தாலும் சத்தமில்லை, மூடினாலும் சத்தமில்லை. பார்க்க அழகும் இல்லை, பிடியைப் பாதி இழைத்துப் பாதியில் விட்டது மாதிரி இருக்கும். ஒரு நாள் அது அத்தான் கண்ணில் பட்டுவிட்டது.

"தரம் பாக்கறவன் பொண்டாட்டி இந்த ஊமைக் கத்தியை வெச்சுக்கிட்டுத் திரிஞ்சா நாலு பேர் சிரிக்க மாட்டாங்க?" என்றார்.

"இது கைக்குப் பழகிடுச்சுங்க."

"நல்லது வந்தா கை தானா பழகும்."

பழையதைக் கொண்டுபோய்க் கம்பெனியின் இரும்புக் கழிவுப் பீப்பாயில் போட்டுவிட்டு, எங்கள் முதல் தரத்தில் ஒன்றை, பிடியில் தங்கக் கோடு போட்டதை, பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தார். அவள் கையில் கொடுக்கும் முன் அவள் காதில் வைத்து ஒரு டக்.

ஒட்டுக் கட்டும் பருவம் தொடங்கியிருந்தது. ஈரக் கையால் அவளுக்கு அதைத் திறக்க வரவில்லை; நகம் இரண்டு பிய்ந்தது. ஒரு வரிசை முடித்து அடுத்த வரிசைக்கு நடக்கும்போது மடக்கியே ஆக வேண்டும், பண்ணையில் அது கட்டாயம். மடக்குகிற ஒவ்வொரு தடவையும் பல். ஞாயிற்றுக்கிழமை நான் தீட்டிக் கொடுப்பேன், திங்கட்கிழமை பத்து மணிக்குள் பழையபடி ஆகிவிடும். முதல் நூறில் அறுபத்திரண்டு துளிர்த்தது. இரண்டாவது நூறில் ஐம்பத்தேழு.

பண்ணை மேலாளர் நல்ல மனிதர். திட்டவில்லை. "உடம்பு சரியில்லையாம்மா? கண்ணு வேணா ஒருவாட்டி காட்டிக்கோங்களேன்," என்று மட்டும் கேட்டிருக்கிறார். அவள் கண் பரிசோதிக்கப் போனாள். கண்ணில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை அத்தான் தீர்ப்பு சொன்னார்.

"கண்ணுல இல்லைன்னா கையிலதான். கைக்கு வயசாயிடுச்சு, வேற ஒண்ணுமில்லை. நாப்பத்திரண்டு ஆகுதில்ல? மண்ணு அள்ளறதும் வேலைதானே. ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறே?"

"கத்தி கொஞ்சம் சிக்கற மாதிரி இருக்குங்க."

"என் கத்தியா? நானே காதுல வெச்சுப் பொறுக்கி எடுத்த கத்தி."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு அதற்கெல்லாம் மூளை போதாது. கத்தி நல்ல கத்தி, ஆகவே கை கெட்ட கை. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு. குறைகுடம்தான் தளும்பும் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை நான் மாடியிலிருந்து இறங்கி வந்து சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். வலது கையை நேராக நீட்டி விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், நடுங்குகிறதா என்று. பிறகு ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அசையவில்லை. அதையும் நம்பாமல் இன்னொரு தடவை நீட்டிப் பார்த்தாள். டீ முடிந்ததும் நான் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

மூன்றாவது நூறில் அவள் செய்ததை அவளுடைய பக்கத்து மேசைக்காரி எனக்குப் பிறகு சொன்னாள். இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து மேசைக்காரியிடம் அதே மரப்பிடி ஊமைக் கத்தி ஒன்று கூடுதலாக இருந்தது. அக்கா அதை இரவல் கேட்டிருக்கிறாள். வாங்கிக்கொண்டு, ஒரு கன்றை இந்தக் கத்தியால் சீவினாள், அடுத்த கன்றை அந்தக் கத்தியால். ஒரே மரத்துக் குச்சி, ஒரே நாள், ஒரே கை. தங்கக் கோட்டுக் கத்தியால் சீவினதற்குக் கறுப்பு நாடா, ஊமைக் கத்தியால் சீவினதற்கு வெள்ளை நாடா. ஐம்பது, ஐம்பது.

பக்கத்து மேசைக்காரிக்குப் பகீரென்றிருக்கிறது. "பைத்தியமா உனக்கு? மொத்தத்தையும் என் கத்தியிலயே பண்ணிடு. இதுலயும் எழுபது வரலைன்னா மண்ணுக்குத்தான் போகணும்."

"தெரியும்க்கா."

"அப்புறம் என்ன?"

"உங்க கத்தியில பண்ணித் தேறிட்டேன்னு வெச்சுக்கோங்க. இந்தத் தடவை ஏதோ அதிர்ஷ்டம்னு அவரு சொல்வாரு. நானும் அப்படித்தான் நெனச்சுப்பேன். கை போயிடுச்சுன்னா போயிடுச்சு, மண்ணே அள்ளறேன். போச்சா இல்லையான்னு தெரியாமத்தான் என்னால இருக்க முடியலை."

மூன்று வாரம் அவள் இதைப் பற்றி வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அத்தான் அதற்குள் மண் கொட்டகைக்குப் போட்டுக்கொண்டு போக அவளுக்கு ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்பாகத்தான். அளவுகூட ஒரு எண் தவறு.

அந்த மூன்றாவது வாரத்தில்தான் பண்ணையிலிருந்து கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஒட்டுக் கட்டுகிற அறுபது பேருக்கும் ஒரே மாதிரியான கத்தி வாங்கப் போகிறார்கள், உள்நாட்டில் செய்தது, விலை மலிவானது. செய்கிறவர்கள் மாதிரிகளோடு வரலாம். முதலாளி குதூகலமாகிவிட்டார். அத்தானைத்தான் அனுப்பினார். மாதிரிப் பெட்டியைத் தூக்க என்னையும் அனுப்பினார். அத்தான் வழி முழுக்க, "அறுபது பேரும் சேர்ந்து ஒரே நேரத்துல மூடினா எப்படி இருக்கும் மாப்ளே," என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன், சிரிப்பை அடக்க.

பண்ணைக் கொட்டகையில் நீளமான மேசை ஒன்று போட்டிருந்தார்கள். எங்களைத் தவிர இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் பிளாஸ்டிக் பிடிக் கத்திக்காரர். மேலாளர் கையில் எடுத்ததுமே பிடியின் ஒரு பக்கம் கழன்று கீழே விழ, அவர் அதைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓரமாகப் போய்விட்டார். இன்னொருவர் பின் சந்து ஊமைக் கத்திக்காரர். ஒரு பழைய செய்தித்தாளில் மூன்று கத்தியைச் சுற்றிக்கொண்டு வந்தவர், அதைப் பிரித்து வைத்துவிட்டுச் சும்மா நின்றார். பேசவும் இல்லை. கத்திக்கு ஏற்ற ஆள்.

அத்தான் பேசினார். மேலாளரின் காதில் டக். கணக்கரின் காதில் டக். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் கேட்கும்படி இரண்டு கையிலும் இரண்டு கத்தி வைத்து டக் டக். உள்ளபடியே நன்றாகச் செய்தார். பேருந்தில் எப்படி விற்றிருப்பார் என்று அன்றுதான் பார்த்தேன். இரண்டு மூன்று பேர் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள்.

மேலாளர், "சரி, கத்தியைப் பிடிக்கறவங்க சொல்லட்டும்," என்றார். "காலையில எண்ணினோமே, அந்தத் தட்டைக் கொண்டு வாங்கம்மா."

அக்கா இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள். ஒன்றில் கறுப்பு நாடாக் கன்றுகள், ஒன்றில் வெள்ளை நாடாக் கன்றுகள். கறுப்பில் பாதி இடம் மொட்டைக் குச்சியாகத் தெரிந்தது. வெள்ளையில் பச்சை பச்சையாகத் துளிர்.

"ரெண்டும் நான்தான் கட்டினேன்," என்றாள். "கறுப்பு நாடா இந்தத் தங்கக் கோட்டுக் கத்தி. அம்பதுக்கு இருபத்தாறு. வெள்ளை நாடா மரப்பிடிக் கத்தி. அம்பதுக்கு நாப்பத்தேழு."

எழுபத்து மூன்று. எழுபதைத் தாண்டிவிட்டாள். வெறும் மூன்று கன்றுகளில் மேசை தப்பியிருந்தது.

அத்தான் அதையெல்லாம் கூட்டிப் பார்க்கிற நிலையில் இல்லை. "குச்சி சரியில்லாம இருந்திருக்கும்," என்றார்.

"ஒரே குச்சிங்க. பாதி பாதியா வெட்டினது."

"அப்ப கை அசந்திருக்கும்."

"ஒண்ணு விட்டு ஒண்ணு கட்டினேங்க. இதுக்கு அசந்த கை அடுத்ததுக்கு எப்படிங்க அசராமப் போகும்?"

அத்தான் வேறு வழி தெரியாமல் தனக்குத் தெரிந்த ஒன்றையே செய்தார். கத்தியை அவள் காதருகே நீட்டி, டக். "நீயே கேளு, இந்தச் சத்தத்துல என்ன குறை?"

"சத்தத்துல ஒரு குறையும் இல்லைங்க," என்றாள் அக்கா. "செடிக்குத்தான் காது இல்லை."

பெண்கள் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்காமல் எங்கள் கத்தியை வாங்கி, கூரின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தார். நுனிக்குப் பக்கத்தில் நகம் மாட்டியது. மறுபடி இழுத்தார், மறுபடி மாட்டியது. பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து இழுத்தார். அதிலும் அதே இடம்.

"இது என்ன, புதுக் கத்தியிலயே பல் விழுந்திருக்கு? யாருங்க இதுக்குச் சாணை பிடிக்கறது?"

"நான்தாங்க," என்றேன்.

"எப்படி வருது இது?"

ஆறு வருடமாக இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. மேசை மேல் இருந்த கத்தியை எடுத்துப் பாதி மூடிக் காட்டினேன். முட்டு இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினேன். அதை ராவி எடுத்தால் அலகு எவ்வளவு இறங்குகிறது, பட்டையில் எந்த இடத்தில் இடிக்கிறது, பட்டையை முறுக்க முறுக்க இடி எப்படிப் பலமாகிறது, எத்தனை முறை மடக்கினால் எத்தனை ஆழத்துக்குப் பல் விழும், தீட்டினால் எவ்வளவு நேரம் தாங்கும், எல்லாம் சொன்னேன். தடையே இல்லாமல் வந்தது. டக்கு சார் வாயைத் திறந்தபடி, "மாப்ளே," என்றார். ஒரு நிமிடம் எனக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. இத்தனை வருடம் டீக்கடையில் செய்ததை இன்று சபையில் செய்துவிட்டேன். மேலாளர்கூட, "நல்லாத் தெளிவாச் சொல்றீங்க," என்றார்.

அப்போதுதான் அக்காவைப் பார்த்தேன். அவள் கத்தியையும் பார்க்கவில்லை, அத்தானையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுபது கத்தியும் ஊமைக் கத்திக்காரருக்குப் போயிற்று. அவர் தலையை ஒரு முறை ஆட்டிவிட்டுச் செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டார். எங்கள் முதலாளி ஒரு வாரம் கத்தினார், பிறகு அலகின் முட்டை ராவக் கூடாது என்று உத்தரவு போட்டார். சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. அத்தான் இன்னும் அதே பச்சைத் துணி மேசையில்தான் இருக்கிறார். இன்னும் காதில்தான் வைக்கிறார். முதல் தரத்துப் பெட்டியில் எதைப் போடுவது என்று தெரியாமல் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் அக்காவிடம், "கை விஷயத்துல நான் சொன்னது தப்பு," என்று ஒரு நாள் சொன்னாராம். டக்கு சார் வாயிலிருந்து அது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அன்று, கொட்டகையில் கூட்டம் கலைந்த பிறகு, அக்கா வெளியே குழாயடியில் கையில் ஒட்டியிருந்த செடிப்பாலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் மாதிரிப் பெட்டியோடு அவளைத் தாண்டிப் போனேன். பாராட்டுவாள் என்றே நினைத்தேன்.

"எத்தனை நாளாத் தெரியும்?" என்றாள், நிமிராமல்.

"எது?"

"பல் விழறது."

"கொஞ்ச நாளா."

"எத்தனை நாளா, தம்பி?"

"ஆறு வருஷம்."

அவள் குழாயை மூடினாள். கையை உதறினாள்.

"அவரு என் கை போயிடுச்சுன்னு சொன்னாரு. அதை அவரு நெஜமாவே நம்பினாரு, அதனால சொன்னாரு. நீ நம்பலை. நான் அடுப்பு பக்கத்துல கையை நீட்டிக்கிட்டு நின்னேனே, அப்ப உனக்குத் தெரியும் என் கையில ஒண்ணுமில்லைன்னு. தெரிஞ்சே டீயைக் குடிச்சு முடிச்சே."

என்னிடம் எல்லாருக்கும் ஒரு பழமொழி உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் உண்டு. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "அவருகிட்ட ஒரு தடவை சொன்னேன்க்கா," என்றேன்.

"என்கிட்ட?"

நான் பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். அடுத்த நூறுக்கு வெட்டின குச்சிகள் காத்திருக்கின்றன, நேரமானால் வாடிவிடும் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.